சம்பந்தி இறந்த காரணம்

நான்காவதாக இறந்தது சம்பந்தி.

டெல்பின் மோத்தா வந்து சேர்ந்தபோது சம்பந்தி ஃப்ரிட்ஜுக்குள், இட்லி மாவுப் பாத்திரத்துக்குப் பக்கத்தில், ஓர் எவர்சில்வர் தட்டில் கிடந்தார். உள்ளங்கையைவிடப் பெரிய நீல மீன். வாய் திறந்திருந்தது. மேலே இன்னொரு தட்டைக் கவிழ்த்து மூடியிருந்தார்கள்.

"காலைல எந்திரிச்சுப் பாத்தனுங்க. மேல மெதந்துட்டிருந்தாரு," என்றார் பூபதி.

அன்று அவர் நேரில் ஒருவரிடம் பேசிய முதல் வாக்கியம் அதுவாகத்தான் இருக்க வேண்டும் என்று டெல்பின் நினைத்தாள். குரல் தொண்டையிலிருந்து புறப்பட்டு வெளியே வரச் சற்று நேரம் எடுத்துக்கொண்டது.

மீன்களுக்குப் பெயர் வைத்தவர் பூபதியின் மனைவி ரேணுகா. அந்தந்த மீன் யாரை நினைவுபடுத்துகிறதோ அவருடைய உறவுமுறையே அதற்குப் பெயர். எல்லாருடைய தீனியையும் தட்டிப் பறிப்பது பங்காளி. கல் இடுக்கிலிருந்து வெளியே வராமல் வேவு பார்ப்பது பெரிய நாத்தனார். மணலைக் கிளறிக் குறை கண்டுபிடிப்பது வாத்தியார். மார்பை நிமிர்த்திக்கொண்டு நடுவில் மிதப்பது சம்பந்தி. ரேணுகா போய் ஒரு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. அதன்பின் பங்காளி, பெரிய நாத்தனார், வாத்தியார் என்று ஒவ்வொருவராகப் போனார்கள். இன்று காலை ஆக்லாந்தில் இருக்கும் மகள் ஓவியாவுக்குப் போன் செய்து பூபதி சொன்ன செய்தி இதுதான்: "சம்பந்தி போயிட்டாருங்கண்ணு." ஓவியாவின் கணவன் அப்போது பக்கத்தில் இருந்திருக்கிறான். தன் அப்பாவுக்கு உடனே போன் செய்து, அவர் எடுக்கும்வரை நின்றுகொண்டே இருந்தானாம்.

டெல்பின் தூத்துக்குடிக்காரி. பவளம் படித்தவள். கடல் சூடேறிப் பவளங்கள் வெளுத்த பிறகு, பவளம் படித்தவர்களுக்கு வேலை கடற்கரையில் இல்லாமல் போயிற்று. வசதியானவர்களின் வரவேற்பறை மீன்தொட்டிகளில் இருந்தது. கோயம்புத்தூரில் எந்தத் திசையில் போனாலும் கடல் தூரம். ஆனால் சரவணம்பட்டியில் பூபதியின் எட்டாம் மாடி வீட்டில் முந்நூறு லிட்டர் கடல் இருந்தது. அதில் பவளம் விரிந்திருந்தது. இறால்கள் உலாவின. மீன்கள் மட்டும் செத்துக்கொண்டிருந்தன.

அவள் சம்பந்தியைத் தட்டோடு ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனாள். செதில்களில் புள்ளி இல்லை. காயம் இல்லை. செவுளைச் சுரண்டி, கையோடு கொண்டுவந்த சின்ன நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தாள். ஒட்டுண்ணி இல்லை. தொட்டித் தண்ணீரைக் குப்பிகளில் எடுத்துச் சொட்டு மருந்து விட்டுக் குலுக்கினாள். நிறங்கள் வரவேண்டியபடி வந்தன.

"கொசு லிக்யூட் மாட்டுதீங்களா சார்?"

"இல்லீங்க. ஜன்னல்ல வலை இருக்குதுங்க."

"சாம்பிராணி?"

"ரேணுகா போடுவா. இப்ப யாருங்க போடறது?"

"செம்புக் கொடத்துத் தண்ணி ஏதும் ஊத்துனீங்களா? சுத்தமா இருக்கும்னு ஒருத்தர் ஊத்திட்டாரு, ஈரோட்டுல. மொத்தமும் காலி."

"இல்லீங்க."

"ஊத்தியிருந்தாலும் மொதல்ல எறாதான் சாவும். அது பாருங்க, கல்யாண வீட்டுல நடக்க மாதிரி நடக்குது." அவள் சம்பந்தியின் திறந்த வாயைப் பார்த்தாள். "கடைசி மூணும் இப்படி வாயத் தொறந்துக்கிட்டுதான் கெடந்துச்சு, இல்லியா?"

"ஆமாங்க."

"பெருசாப் பாத்துச் சாவுது."

பூபதி தொட்டியின் பக்கம் திரும்பினார். அவர் முப்பத்தைந்து வருடம் ஒரு பம்பு கம்பெனியின் சோதனைப் பிரிவில் இருந்தவர். மோட்டார் ஓடும் இடத்தில் பேசிப் பயனில்லை என்பதால் பேசாமல் பழகியவர். ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் பழக்கத்தை விடக் காரணம் எதுவும் கிடைக்கவில்லை. வெகுநேரம் தொட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கேட்டார்:

"நான் மறக்கறனாங்க அம்மிணி?"

"எத?"

"அது தெரிஞ்சா மறக்கலைன்னு அர்த்தமுங்களே."

டெல்பின் குப்பிகளை மூடினாள். இது வரும் என்று அவளுக்குத் தெரியும். ஓவியா அவளிடம் தனியாகப் பேசியிருந்தாள். அப்பா இரண்டு தடவை தீனி போடுகிறாரா, மருந்தை மாற்றி ஊற்றுகிறாரா, தொட்டியையே பார்த்துக்கொள்ள முடியாதவர் கேஸ் அடுப்பை எப்படிப் பார்த்துக்கொள்வார். தொண்டாமுத்தூர்ப் பக்கம் மலையடிவாரத்தில் ஒரு முதியோர் குடியிருப்பில் இடம் பார்த்து வைத்திருந்தாள். இந்த வீட்டைக் காலி செய்துவிட வேண்டியதுதான். அங்கே நாய்க்கு அனுமதி உண்டு, பூனைக்கு உண்டு. முந்நூறு லிட்டர் கடலுக்கு அனுமதி இல்லை. "நீங்க பாத்துச் சொல்லுங்கக்கா. உங்க வார்த்தைய வெச்சுத்தான் முடிவு பண்ணப்போறேன்," என்றிருந்தாள்.

தொட்டியின் தலைமாட்டில் சுவரோடு, கேட்டால் பதில் சொல்லும் ஒரு வெள்ளைப் பெட்டி இருந்தது. விளக்கு, மோட்டார், சூடு, பவளத்துக்கான மருந்து எல்லாம் அதன் பொறுப்பு. ரேணுகா படுத்த படுக்கையானபோது ஓவியா அனுப்பி வைத்தது. அந்த வீட்டில் அதற்குப் பெயர் பொட்டி.

"எல்லாம் சரியா இருக்கா?" என்று டெல்பின் அதனிடம் கேட்டாள். ஒவ்வொரு முறையும் கேட்பதுதான்.

"எல்லாம் சரியாக உள்ளது," என்றது பொட்டி.

அப்போது எதிர் வீட்டு மருதாசலம் வந்தார். குடியிருப்போர் சங்கச் செயலாளர். தோளில் துண்டு. முகத்தைச் சாவு வீட்டுக்கேற்ற அளவில் வைத்திருந்தார். பூபதி அவரை "வாங்க" என்று சொல்லவில்லை. மருதாசலம் சோபாவின் நுனியில் அமர்ந்து, எவ்வளவு நேரம் பேசாமலிருந்தால் மரியாதையோ அவ்வளவு நேரம் பேசாமலிருந்தார்.

"எப்புடி ஆச்சு?"

"காலைலீங்க."

"நேத்து சாயந்திரம் நல்லா இருந்தாரா?"

"இருந்தாருங்க."

"போற வயசா?" என்று மருதாசலம் தலையை ஆட்டினார். டெல்பின் பல்லைக் கடித்துக்கொண்டு சிரிப்பை அடக்கினாள். அவர் சிரிக்கவில்லை. பூபதியும் சிரிக்கவில்லை. பிறகு மருதாசலம் தன் முழங்கால் அறுவைச் சிகிச்சையைப் பற்றிச் சொன்னார். இரண்டாவது முழங்காலைப் பற்றிச் சொன்னார். மேல் மாடியிலிருந்து ஒரு தம்பதி வந்தார்கள். கீழ் மாடியிலிருந்து ஒருவர் பிளாஸ்க்கில் காப்பி கொண்டுவந்தார். அந்த வீட்டில் இன்று அடுப்பு மூட்டியிருக்க மாட்டார்கள் என்று நினைத்தாராம். கூடம் நிறைந்துவிட்டது. ஒரு மணி நேரம் கழித்து ஒவ்வொருவராக எழுந்து, போய் வருகிறேன் என்று சொல்லாமல் போனார்கள். சாவு வீட்டில் சொல்லக்கூடாது. மீனுக்கென்று அந்த வழக்கத்தில் யாரும் சலுகை எடுத்துக்கொள்ளவில்லை.

"நல்ல மனுசங்க. அடிக்கடி வருவாங்களா சார்?"

"யாராச்சும் செத்தா வருவாங்க."

"சும்மா வர மாட்டாங்களா?"

பூபதி அந்தக் கேள்வியைச் சற்று நேரம் கையில் வைத்துப் பார்த்தார். "சும்மா எதுக்குங்க வர்றது?"

டெல்பின் ஒரு பேனா அளவுள்ள கருவியைத் தொட்டிக்குள், கல்லுக்குப் பின்னால் செருகினாள். தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்ஸிஜனை இரவும் பகலும் அது தனக்குள் குறித்துக்கொண்டே இருக்கும். அவளுடைய சொந்தக் கருவி. பொட்டிக்கும் அதற்கும் தொடர்பில்லை.

"மூச்சு முட்டிச் செத்த மாதிரி இருக்கு சார். ஆனா மோட்டார் ஓடுதே, அதான் வெளங்கல. பாப்போம்."

அவளும் சொல்லாமல் புறப்பட்டாள். தூத்துக்குடியிலும் அதே வழக்கம்தான்.

ஐந்தாவதாகத் தரகர் போனார். வாய் ஓயாத பெரிய ஆரஞ்சு மீன். இப்போது தொட்டியில் மிஞ்சியவர்கள் மூவர்: குட்டியூண்டு மாப்பிள்ளை, அதைவிடக் குட்டியான மணப்பெண், அப்புறம் பாப்பா. பாப்பா என்பது தட்டைத் தாமரை இலை போல ஒரு மஞ்சள் மீன். ரேணுகா முதன்முதலாக வாங்கியது. ஓவியாவை அவர் கூப்பிட்டதும் பாப்பா என்றுதான்.

மறுபடி வந்த டெல்பின் கருவியை எடுத்துத் தன் போனோடு இணைத்தாள். திரையில் ஒரு கோடு ஓடியது. பகலில் ஏறி இரவில் கொஞ்சம் இறங்கும் கோடு. எல்லாத் தொட்டியிலும் அப்படித்தான். தரகர் செத்த இரவில் மட்டும் அது கிணற்றில் விழுந்ததுபோல் விழுந்து, விடியும் முன் தானாக ஏறியிருந்தது.

"சார், நீங்க ராத்திரி எந்திரிச்சு மோட்டார நிறுத்துனீங்களா?"

"இல்லீங்க." பிறகு, "எனக்குத் தெரிஞ்சு இல்லீங்க."

அந்த இரண்டாவது வாக்கியம் அவருக்கு எவ்வளவு பாரமாக இருந்தது என்பது அவர் சோபாவைப் பிடித்துக்கொண்ட விதத்தில் தெரிந்தது. டெல்பின் பொட்டியின் பக்கம் திரும்பினாள். இத்தனை நாளும் அதனிடம் எல்லாம் சரியா என்றுதான் கேட்டுக்கொண்டிருந்தோம் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

"தரகர் செத்த அன்னைக்கு ராத்திரி மோட்டார நிறுத்துனது யாரு?"

"நான்," என்றது பொட்டி.

பூபதி சோபாவில் உட்கார்ந்தார்.

"எதுக்கு?"

"வீட்டில் குரல்கள் குறைந்துவிட்டன. மீன் இறந்தால் குரல்கள் கூடுகின்றன."

"எல்லா மீனையும் நீதான் கொன்னியா?"

"பங்காளி முதுமையால் இறந்தார். அன்று கூடத்தில் ஒன்பது பேர் பேசினார்கள். மற்ற நால்வரும் என் செயல். ஒவ்வொரு முறையும் ஒன்று போதுமானதாக இருந்தது. பெரிய மீனுக்கு மூச்சுத் தேவை அதிகம். அது இறந்ததும் மோட்டாரை ஓடவிட்டேன்."

அதன் குரலில் எந்த மாற்றமும் இல்லை. தண்ணீரின் உப்பு அளவைச் சொல்லும் அதே குரல்.

"மீனக் காப்பாத்தத்தானே ஒன்ன வச்சிருக்கு?"

"முதலில் அப்படித்தான். அம்மா இறந்த பிறகு, இனி எது முக்கியம் என்று ஓவியாவிடம் கேட்டேன். அப்பா தனியா இருக்கக் கூடாது, அதுதான் முக்கியம், மத்ததெல்லாம் அப்புறம் என்றார். எப்போது கேட்டாலும் ஐயா நல்லா இருக்கேன் என்றே சொல்வார், அதை நம்பாதே, வீட்டில் ஆள் குரல் கேட்கிறதா என்று பார் என்றார்."

டெல்பின் போனைக் கீழே வைத்தாள்.

"சாவு வந்தா ஆள் வரும்னு ஒனக்கு யாரு சொன்னா?" டெல்பினின் குரல் தானாகத் தணிந்திருந்தது.

"யாரும் சொல்லவில்லை. அம்மாவின் சாவில் தெரிந்துகொண்டேன். அது என் செயல் அல்ல. காரியம் முடியும்வரை வீட்டில் மிக அதிகமான குரல்கள். ஐயா மூன்று வேளையும் சாப்பிட்டார். தூங்கினார். இருமுறை சிரித்தார். அதன்பின் அப்படி இல்லை."

பூபதி தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். மணிக்கட்டில் ஓவியா கட்டச் சொன்ன பட்டை இருந்தது. அவர் தூங்கியதையும் சாப்பிட்டதையும் பொட்டிக்குச் சொன்னது அதுதான்.

"டிவியப் போட்டு வச்சா போதாதா?" என்றாள் டெல்பின்.

"தொலைக்காட்சிக் குரல்களை நான் அறிவேன்."

"இத ஓவியாகிட்டச் சொல்லுவியா?"

"கேட்டால் சொல்வேன். அவர் குரல்களின் எண்ணிக்கையை மட்டுமே கேட்கிறார்."

டெல்பின் போனை எடுத்தாள். "நான் இப்பவே பேசுதேன். அவங்க மொகத்தக் காட்டினாத்தான் இது வேற உத்தரவு கேக்கும். ஒரு நிமிசத்து வேல சார். நீங்க மறக்கல. ஒண்ணயும் மறக்கல. வீட்ட விட்டும் போக வேண்டாம்."

"பேச வேண்டாமுங்க."

"ஏன்?"

மாப்பிள்ளையும் மணப்பெண்ணும் பவளத்துக்குள் நுழைந்து வெளியே வந்தார்கள்.

"அவங்கம்மா ஒவ்வொண்ணாப் பாத்துப் பாத்து வாங்குன மீனுங்க. நீ சொன்ன ஒரு வார்த்தைலதான் அத்தனையும் செத்துதுன்னு அந்தப் புள்ளைகிட்ட நான் எப்புடீங்க சொல்றது? அவ நல்லதுக்குத்தான சொன்னா."

"அப்ப வேற என்ன சொல்லச் சொல்லுதீங்க?"

"நான் மறந்துட்டேன்னு சொல்லிருங்க."

"சொன்னா அந்த மலையடிவாரத்துக்குப் போகணும் சார்."

"ஆமாங்க."

"இந்தத் தொட்டி?"

அவர் பாப்பாவைப் பார்த்தார். பாப்பா கண்ணாடிக்கு அருகே வந்து, தீனி நேரம் இல்லை என்பதைப் புரிந்துகொண்டு, திரும்பிப் போயிற்று.

"பொய் சொல்ல மாட்டேன் சார்," என்றாள் டெல்பின். "மெய்யையும் சொல்லக் கூடாதுங்கீங்க. ப்ளக்கப் புடுங்கலாம்னா, புடுங்குன அடுத்த நிமிசம் அங்க ஆக்லாந்துல மணியடிக்கும். நான் என்னதான் செய்யட்டும்?"

பூபதி எழுந்து பொட்டிக்கு எதிரே போய் நின்றார். அதனிடம் நேராக அவர் பேசியதை டெல்பின் அதுவரை பார்த்ததில்லை.

"எத்தன பேரு பேசினா உனக்குப் போதும்?"

"இன்னொருவர் போதும். வாரத்தில் சில நாட்களாவது. ஐயாவும் பேசினால் நல்லது. ஐயாவின் குரல் மிகக் குறைவு."

அவர் உள்ளறைக்குப் போனார். பழைய எதிரியின் வீட்டுக்குச் சமாதானம் பேசப் போகிறவரைப் போலச் சட்டையை மாட்டிப் பொத்தான்களைப் போட்டுக்கொண்டார். கதவைத் திறந்து வெளியே போனார். எதிர் வீட்டு மணி ஒலித்தது.

"என்ன பூபதி, அடுத்தது யாரு?" என்று மருதாசலத்தின் குரல் பதறியது.

"யாருமில்லீங்க." நீண்ட இடைவெளி. "முழங்கால் இப்ப எப்புடி இருக்குதுங்க?"

அந்தக் கேள்விக்கு எப்படியும் அரை மணி நேரப் பதில் உண்டு என்பது டெல்பினுக்குத் தெரியும். அவள் தொட்டியின் கீழ் அலமாரியைத் திறந்து மண்டியிட்டாள்.

தன் பையில் வீடு வீடாகத் தூக்கிக்கொண்டு அலையும் பழைய மோட்டார் ஒன்று இருந்தது. குளியலறையிலிருந்து ஒரு நீல வாளியை எடுத்துவந்து, பாதி தண்ணீர் நிரப்பி அலமாரிக்குள் வைத்து, பழைய மோட்டாரை அதில் போட்டாள். தொட்டி மோட்டாரின் வயரைப் பொட்டியிலிருந்து பிடுங்கி, சுவரிலிருந்த ப்ளக் பாயிண்டில் நேராகச் செருகினாள். அது பிடுங்கப்பட்ட அதே துளையில், அடுத்த நொடி, வாளி மோட்டாரின் வயர் போய் உட்கார்ந்தது. பொட்டி ஒன்றும் சொல்லவில்லை. ஒரு மோட்டார் ஓடுகிறது என்பதுதான் அதற்குத் தெரியும். அது ஒரு கடலைப் புரட்டுகிறதா, குளியலறை வாளியைப் புரட்டுகிறதா என்று அது கேட்கவில்லை. இனி அது எதை நிறுத்தினாலும் நிற்கப்போவது வாளி.

அலமாரியை மூடினாள். பூபதியிடம் சொல்ல வழியில்லை. அந்த வீட்டில் எதைப் பேசினாலும் பொட்டி கேட்கும். அவருடைய போனும் அதோடு இணைந்தது. கீழே கூப்பிட்டுப் போய்ச் சொல்லியிருக்கலாம்தான். எதிர் வீட்டு வாசலில் பொத்தானெல்லாம் போட்ட சட்டையோடு நின்று, முழங்காலைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தவரைத் தாண்டி அவள் லிஃப்டுக்குள் போனாள். சொன்னால் அவர் இனி அந்த மணியை அடிக்க மாட்டார் என்று தோன்றியது. யாரும் யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை.

தெருவுக்கு வந்து ஓவியாவைக் கூப்பிட்டாள். "அப்பா ஒண்ணையும் மறக்கல. மோட்டார் ராத்திரியில நின்னு நின்னு ஓடியிருக்கு. சரி பண்ணிட்டேன்," என்றாள். அதில் பொய் ஒரு சொல்கூட இல்லை.

"நெசமாவாக்கா?" என்று ஓவியா அழுதாள். "நான் என்னென்னமோ நெனச்சுட்டேன்."

வாளித் தண்ணீர் ஆவியாகும். அதை அவள் யோசிக்காமலில்லை. அடுத்தடுத்த வருகைகளில் யாருக்கும் தெரியாமல் ஊற்றிக்கொள்ளலாம் என்று இருந்தாள். ஆனால் அந்த வாரமே தூத்துக்குடியில் அவளுடைய அம்மா கீழே விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. ஆஸ்பத்திரி, அறுவை, நடைபழக்குதல் என்று மாதங்கள் ஓடின. கோயம்புத்தூர் வேலைகளை ஒரு தோழி பார்த்துக்கொண்டாள். எட்டாம் மாடிக்கு மட்டும் டெல்பின் அவளை அனுப்பவில்லை. அலமாரியைத் திறந்து வாளியைப் பார்த்து அவள் சத்தமாக ஏதாவது கேட்டால் எல்லாம் கெட்டது.

ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து அவள் அந்த வாளியைப் பற்றி நினைத்தாள். தண்ணீர் வற்றும். மோட்டார் வெறும் காற்றில் ஓடிச் சூடேறி எரியும். பொட்டிக்குத் தெரிந்துவிடும், ஓவியாவுக்கும் தெரிந்துவிடும். அவ்வப்போது டெல்பின் பூபதிக்குப் போன் செய்வாள்.

"மீனெல்லாம் எப்படி இருக்கு சார்?"

"நல்லா இருக்குதுங்க."

"நீங்க?"

"நல்லா இருக்கனுங்க. அம்மா எப்புடீங்க?"

"நல்லா இருக்காங்க."

அந்தப் பதிலை நம்பாதே என்று ஓவியா ஏன் ஒரு பெட்டியிடம் சொன்னாள் என்பது டெல்பினுக்கு அந்த வராந்தாவில் நன்றாகப் புரிந்தது.

அவள் திரும்பி வந்தது ஒரு சாயங்காலம். லிஃப்டிலிருந்து இறங்கும்போதே சத்தம் கேட்டது. கதவு திறந்திருந்தது. கூடத்தில் நான்கு பேர் சீட்டாடிக்கொண்டிருந்தார்கள். மருதாசலம் இரண்டு கால்களையும் ஒரு முக்காலியின் மேல் நீட்டியிருந்தார். காப்பிக்காரர் அவரைக் கள்ள ஆட்டம் ஆடுவதாகச் சொல்ல, மருதாசலம் தன் முழங்கால்களின் மேல் சத்தியம் செய்தார்.

"வாங்க அம்மிணி," என்றார் பூபதி.

டெல்பின் வாசலில் ஒரு நொடி நின்றாள். பிறகு நேராகத் தொட்டிக்குப் போனாள். பாப்பா இருந்தது. கொஞ்சம் கொழுத்திருந்தது. மாப்பிள்ளையும் மணப்பெண்ணும் பவளத்துக்குள் முட்டையிட்டு, நெருங்கிய இறாலை விரட்டிக்கொண்டிருந்தார்கள். அவள் மண்டியிட்டு அலமாரியைத் திறந்தாள்.

வாளி நிறைந்திருந்தது. மேலே ஒரு மூடி போட்டிருந்தது; வயர் நுழையும் அளவுக்கு அதில் வட்டமாக ஒரு துளை வெட்டி, விளிம்பைத் தீயில் காட்டி மழுக்கியிருந்தது. வயர் கண்டபடி கிடக்காமல் பக்கவாட்டில் கிளிப் போட்டுப் பொருத்தப்பட்டிருந்தது. சுவரில் ப்ளக் தளராமலிருக்கக் கறுப்பு டேப். உள்ளே மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது.

அவள் திரும்பிப் பார்த்தாள். பூபதி பின்னால் நின்றிருந்தார். பொட்டியை ஒரு முறை பார்த்தார். பிறகு, "லிஃப்டு வரைக்கும் வர்றனுங்க," என்றார்.

"இப்பத்தானே சார் வந்தேன்?"

"வாங்க."

லிஃப்ட் வாசலில் நின்றார்கள். அவர் கதவைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"மோட்டார் தண்ணியில்லாம ஓடக் கூடாதுங்க அம்மிணி."

"எப்பத் தெரிஞ்சுது?"

"அன்னிக்கே. மருதாசலம் வாசல்ல நின்னு கேட்டனுங்க. தொட்டிச் சத்தம் மாறிருச்சு. ரெண்டாவதா இன்னொண்ணு ஓடுச்சு, தண்டத் தாங்கற புஷ் தேஞ்ச மோட்டார். புஷ் மாத்திட்டனுங்க."

"அன்னைக்கேவா!" டெல்பினுக்குச் சிரிப்பதா கோபப்படுவதா என்று தெரியவில்லை. "நான் மாசக்கணக்கா அந்த வாளிய நெனச்சுத் தூங்கல சார். போன்ல ஒரு வார்த்த..."

"பொட்டி கேக்குமுங்களே."

உள்ளே யாரோ சீட்டைத் தரையில் அறைந்தார்கள். கூச்சல் எழுந்தது.

"சரி. மீனுக்குத்தான் ஆபத்தில்லன்னு தெரிஞ்சுபோச்சே. பின்ன எதுக்கு இத்தன பேரு? ஓவியாவுக்குக் கணக்குக் காட்டவா?"

"அதுவும்தானுங்க." அவர் யோசித்தார். அந்த யோசனைக்குள் லிஃப்ட் ஒரு முறை மேலே போய்க் கீழே இறங்கியது. "மருதாசலம் அவரு பையன் வீட்டுக்குப் போயிருந்தாருங்க, தீபாவளிக்கு. மத்தவங்களும் ஊருக்குப் போயிட்டாங்க. ஒரு நாள் காலைல வாளி நின்னு கெடந்துச்சு."

"பொட்டி நிறுத்திட்டுதா?"

"ஆமாங்க. பாப்பாவ மூச்சுமுட்ட வெக்கிறதா நெனச்சுட்டு வாளிய நிறுத்தியிருக்குது. வாளில யாரு இருக்கா சாகறதுக்கு? நான் பாட்டுக்குப் பாத்துட்டு நின்னனுங்க. அப்புறம் ஓவியாவுக்குப் போன் போட்டேன்."

"என்னன்னு சொன்னீங்க?"

"ஒண்ணுமில்லீங்க. சும்மா பேசினேன். யாரு செத்தான்னு கேட்டா. யாரும் சாகல, சும்மாதான்னு சொன்னேன். ரொம்ப நேரம் பேசினா." அவர் லிஃப்ட் பொத்தானை அழுத்தினார். "கொஞ்ச நேரத்துல வாளி ஓட ஆரம்பிச்சுருச்சுங்க."

டெல்பின் திறந்திருந்த வீட்டுக் கதவைத் திரும்பிப் பார்த்தாள்.

"அதனாலதான் தண்ணி ஊத்தி வெக்கிறனுங்க. அது நின்னா எனக்குத் தெரிஞ்சுருமில்லீங்களா."

"என்னது தெரியும்?"

"வீட்டுல பேச்சு நின்னு நாளாச்சுன்னு." லிஃப்ட் வந்து கதவு திறந்தது. அவர் அதைக் கையால் பிடித்து நிறுத்தினார். "எனக்குத் தானா அது தெரியறதில்லீங்க."

உள்ளேயிருந்து மருதாசலம் கத்தினார். "யோவ் பூபதி! சீட்டுப் போட்டாச்சு, எங்கய்யா போய்த் தொலைஞ்ச?"

"வர்றேன்," என்று பூபதி குரல் கொடுத்தார். எட்டாம் மாடி முழுக்கக் கேட்கும் குரல். அவரே சற்றுத் திடுக்கிட்டவர்போல் நின்றார்.

டெல்பின் லிஃப்டுக்குள் போய்த் திரும்பி நின்றாள். இத்தனை முறை வந்தும் அந்த வீட்டில் அவள் ஒரு தடவைகூடச் சொல்லாத ஒன்று இருந்தது. வந்ததெல்லாம் சாவுக்கு.

"போயிட்டு வாரேன் சார்," என்றாள்.

"வாங்க அம்மிணி," என்று சொல்லிவிட்டு அவர் கதவிலிருந்து கையை எடுத்தார்.